துண்டுக்குள் ஒரு கை

பிப்ரவரி 6, திங்கள்

திருப்பூர் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "எல்லாமே நார்மலா இருக்குங்க. மூட்டுவாதத்துக்குப் பாக்கற ஆர்.ஏ. ஃபேக்டரும் நெகட்டிவ். மனசைக் கொஞ்சம் லேசா வச்சுக்குங்க" என்றார். மனசை லேசாக்க ஒரு மாத்திரையும் எழுதினார்.

"வலி விரல்லங்க. மாத்திரை மனசுக்குங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

இவர் நான்காவது ஆள். முதலாமவர் சுளுக்கு என்றார். இரண்டாமவர் யூரிக் ஆசிட் என்று பருப்பையும் கறியையும் நிறுத்தினார். மூன்று மாதம் ரசம் குடித்து நான் இளைத்தேன், வலி இளைக்கவில்லை. மூன்றாமவர், எப்போதோ வந்துபோன சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார். எனக்கு சிக்குன்குனியா வந்ததே இல்லை என்றதற்கு, "வந்தது உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கும்" என்றார். என் உடம்புக்குள் வந்துபோனது எனக்குத் தெரியாமல் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இனி எது வலித்தது, எத்தனை மணிக்கு வலித்தது என்று இதில் ஏறும். அடுத்து எவராவது மனசு என்றால் இதைத் தூக்கி மேஜை மேல் போடுவேன்.

படிப்பவருக்காக: என் பெயர் அவிநாசியப்பன். வயது நாற்பத்தேழு. காங்கேயம் பக்கம் மாட்டு வியாபாரம். பதினாலு வயதில் அடுத்தவன் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் கூலிக்கு வந்தவன். இன்று சொந்த லாரி, சொந்தத் தொழுவம். எல்லாம் இந்த வலது கை சம்பாதித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைச் சேர்த்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட ஒன்றும் தெரியாது. கை போனால் எனக்குச் சந்தையில் வேலை இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

காலை ஐந்தே கால். வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் பூவன்பழம் போல அடியிலிருந்து நுனிவரை வீங்கி நின்றன. மடக்க முடியவில்லை. இடது குதிங்காலைத் தரையில் வைத்தால் ஆணி மேல் வைத்த மாதிரி. முதுகு பலகை. கையை முழுதாக மூட ஏழு மணி ஆயிற்று. வேட்டியைத் துளசிமணிதான் கட்டிவிட்டாள். "கல்யாணமாகி இருவத்து மூணு வருசத்துல வேட்டி கட்டிவுடக் கூப்புட்டது இதாங்க மொதத் தடவை" என்றாள்.

என் பெண்டாட்டிக்கு எதிலும் சிரிப்புதான்.

பிப்ரவரி 8, புதன்

ஒன்பது மணிக்கு மேல் ஆள் ஒழுங்காகிவிடுகிறேன். இதுதான் எரிச்சல். பத்து மணிக்கு என்னைப் பார்க்கிறவனுக்கு நான் பொய்யன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

சந்தை. இன்று நடந்ததை எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுவேன்.

ராக்கியண்ணன் ஒரு செவலை மாட்டுச் சோடியைக் கொண்டுவந்திருந்தான். ராக்கியண்ணன் என் அத்தை மகன். என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். இருபது வருஷமாகத் தொழிலில் எனக்கு எதிராளி. துண்டு போட்டோம். அவன் கேட்டது ஐந்து விரல். நான் மூன்றில் நின்றேன். அவன் இறங்குவான் என்று தெரியும், அவன் கண்ணில் தெரிந்தது. மறுபடியும் மூன்றைப் பிடிக்கப் போனேன். வீங்கின விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் அவனுடைய நாலாவது விரலையும் சேர்த்து வளைத்துக்கொண்டன. விரித்து விலக்குவதற்குள் ராக்கியண்ணன் "ஆச்சு" என்று கையை உருவித் துண்டையும் எடுத்துவிட்டான்.

துண்டுக்குள் பிடித்ததைத் திருப்பிக் கேட்கிறவன் மறுநாளிலிருந்து வியாபாரி இல்லை. கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

"மாப்ள, உன்ற கை என்ன அடுப்பாட்டம் கொதிக்குது?" என்றான் ராக்கியண்ணன்.

"வெயில்" என்றேன்.

"எனக்கும் அதே வெயில்தான்டா."

முப்பத்து மூன்று வருஷத்தில் நான் பிடித்த முதல் தப்பு விரல் இது. மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டரை அந்தத் துண்டுக்குள் கையை விடச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

டீக்கடையில் ஐந்து பேர் ஐந்து வைத்தியம் சொன்னார்கள். முடக்கத்தான் தோசை இன்றோடு பத்தாவது நாள். தோசைக்கு நான் பழகிவிட்டேன். வலிதான் பழகவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஈரோட்டில் எலும்பு டாக்டர். பெரிய பெயர், பெரிய கட்டடம். குதிங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு லேசா வளர்ந்திருக்கு. மெத்துனு செருப்புப் போடுங்க" என்றார்.

"விரலுங்க?"

"அதுக்குக் கை ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் இருக்கார், மேல மாடில."

"முதுகுங்க?"

"அது எதிர் பில்டிங்."

"ஏனுங்க சார், விரலு, காலு, முதுகு மூணும் ஒரே ஆளோடதுதானுங்களே? எங்க சந்தைல மாட்டைக் கூறு போட்டு வித்தா அதுக்குப் பேரு வேறைங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. துளசிமணி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெத்துச் செருப்பு வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. வலியும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

தாராபுரத்துக்காரர் ஒருவரோடு துண்டு போட்டேன். முதல் தடவை வியாபாரம். நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். பேச்சு பாதியில் இருக்கும்போது என் முழுக்கைச் சட்டையின் பொத்தான் தெறித்து, கை முழங்கைவரை ஏறிக்கொண்டது. அவர் பார்த்தார். கையை மெதுவாக வெளியே எடுத்தார். எடுத்த கையைத் தன் வேட்டியில் துடைத்தார். "அப்புறமாப் பேசிக்கலாமுங்க" என்று போய்விட்டார்.

அவருக்கு ஏதாவது அவசர வேலை இருந்திருக்கும்.

மார்ச் 1, புதன்

பொடுகுக்குப் புது ஷாம்பு. தலைப்பாகை கட்டுகிறவனுக்குப் பொடுகு வராமல் என்ன செய்யும்? முழுக்கைச் சட்டைகளுக்கெல்லாம் பொத்தானை எடுத்துவிட்டு ஹூக் வைக்கச் சொன்னேன். ஏன் என்று துளசிமணி கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

மார்ச் 5, ஞாயிறு

மூன்று பேரிடம் துண்டு நீட்டினேன். மூன்று பேருக்கும் இன்று வாங்கும் எண்ணம் இல்லையாம். அவர்கள் மூவரும் பொழுது சாய வண்டி நிறைய மாடு ஏற்றிக்கொண்டு போனதை நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன்.

மார்ச் 9, வியாழன்

கோயம்புத்தூர். மூட்டு வாதத்துக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார் என்று துளசிமணி யாரிடமோ விசாரித்துச் சீட்டு வாங்கியிருந்தாள். டாக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கிறார், காகிதத்தைப் பார்ப்பதில்லை. அதுவே புதுசு.

விடியாமல் கிளம்பிப்போய் உட்கார்ந்தோம். கூப்பிட்டது பதினொன்றரைக்கு.

டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். கையுறை போடவில்லை. "காலைல எழுந்தா எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கும்?" என்றார். இதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. டைரியை எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் படித்தார். செருப்புச் சங்கதி வந்த இடத்தில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"இதுல இருக்குற வீக்கம் ஒண்ணுகூட இப்ப எனக்குத் தெரியலையே. இன்னைக்கு வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க."

"ஏதாவது ஊசி, மாத்திரை எடுத்தீங்களா?"

"அப்பப்ப ஒண்ணு ரெண்டுங்க."

நேற்று மாலை எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் ஊசி போட்டதைச் சொல்லவில்லை. எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் முந்தின நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன். இத்தனை தூரம் பஸ்ஸில் போக வேண்டாமா? டாக்டர் முன்னால் கோணிக்கொண்டா நிற்பது? அதில் என்ன மருந்து என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"உங்களுக்கோ வீட்டுல யாருக்காவதோ சோரியாசிஸ் மாதிரி தோல் வியாதி உண்டா? தோல் திட்டுத் திட்டா செதில் விடுறது?"

"இல்லைங்க."

துளசிமணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"தலைப்பாகையைக் கொஞ்சம் கழட்டுங்க, பாக்கணும்."

"வலி கையிலங்க. தலைல இல்லைங்க."

அவர் வற்புறுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க ரத்தத்துல ஒண்ணும் தெரியலைங்கறதுக்காக உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இந்த நோய்ல பல வகை ரத்தத்துல காட்டாது. கண்ணால பாத்து, கேட்டு, தொட்டுத்தான் பிடிக்கணும். அதுக்கு நீங்க எனக்கு ஏதாவது காட்டணும்ல?"

ஆறு டாக்டரில் இல்லை என்று சொல்லாத முதல் டாக்டர்.

மார்ச் 19, ஞாயிறு

மூலனூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்று கொண்டுவந்தான். திமிலும் கொம்பும் பார்க்கக் கண் கொள்ளவில்லை. குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நடக்கவிட்டுக் காட்டினான். நடை சுத்தம். சந்தையில் என்னைப் பற்றிப் பேசுவது அவனுக்குத் தெரியாது போல, துண்டை அவனே எடுத்து வந்தான்.

"இருப்பா. மொதல்ல அது படுக்கட்டும்."

"படுக்கறதுக்கா சந்தைக்குக் கொண்டாந்தோமுங்க? நடை பாத்தீங்கல்லொ?"

"நடை நீ காட்டுனது. படுத்து எந்திரிக்கறது அது காட்டறது."

அவன் பலதும் பேசினான். நான் நகரவில்லை. முக்கால் மணி நேரம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். காளை படுத்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டு எழுப்பினேன். பின்னங்கால் இடது பக்கம் தரையில் ஊன்றாமல் நாலு எட்டு இழுத்தது. பத்தாவது எட்டில் மறுபடி நடை சுத்தம்.

"எப்ப போட்ட ஊசி?" என்றேன்.

முகத்தில் ரத்தமில்லை. "நேத்துப் பொழுதோடங்க."

துரத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தை எனக்காகச் சிரித்தது. வீட்டுக்கு வந்து துளசிமணியிடம் பெருமையாகச் சொன்னேன். மாட்டுத் தொழுவத்தில் சாணியை அள்ளிக்கொண்டிருந்தவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அவன் மாட்டுக்கு நேத்து ஊசி போட்டுக் கொண்டாந்தான். நீங்க?"

"நானென்ன?"

"நீங்க உங்களுக்கே போட்டுக் கொண்டு போனீங்க. எண்ணெய் தடவி, கொம்பு சீவி, தலைப்பாகை கட்டி. அந்தம்மா என்ன கண்டாங்க? வித்தறலாம்னு பாத்தீங்களா?"

"வாயக் குறை."

"குறைக்கறனுங்க. உங்களுக்குக் கை போனா நான்தானுங்க கடைசி வரைக்கும் வேட்டி கட்டிவுடோணும்."

மார்ச் 20, திங்கள்

அவள் சொன்னது சரி. எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

முழங்கை இரண்டிலும் வெள்ளிச் செதில். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தொப்புளைச் சுற்றி. ஏழு வருஷமாக. பொடுகு இல்லை. என் அப்பாவுக்கு முழங்காலில் இருந்தது. அவரைக் குஷ்டக்காரன் என்று சொல்லிக் கிணற்றடியில் நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் சின்னப் பையன், பார்த்துக்கொண்டு நின்றேன். கையைப் பிடித்து விலை பேசும் தொழிலுக்கு வந்தவன், இதை வெளியே சொன்னால் எவன் துண்டுக்குள் கை விடுவான்? விரல் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு எவன் சொன்னான்?

அந்தம்மா கேட்டார். சொன்னவர் இல்லை, கேட்டவர். நான்தான் காலண்டரைப் பார்த்தேன்.

இனி ஊசி இல்லை.

மார்ச் 24, வெள்ளி

தண்ணீர்ச் சொம்பு தூக்க இரண்டு கை.

மார்ச் 26, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. நாற்பது வருஷத்தில்... இல்லை, முப்பத்து மூன்று. வலியில் கணக்கே வரவில்லை. ராக்கியண்ணன் போன் செய்தான். "செத்துட்டியான்னு கேக்கறாங்க மாப்ள, என்ன சொல்லட்டும்?" என்றான். அடுத்த மாதம் வந்து நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 28, செவ்வாய்

ஏழு விரல் வீக்கம். முழங்கைத் திட்டு சிவந்து வெடிக்கிறது. துளசிமணி மருந்துக்கடைக்குப் போகவா என்றாள். டாக்டரம்மா மறுபடி வரச் சொன்ன ஏப்ரல் ஆறு வரை எவனும் என்னைத் தொடக்கூடாது என்றேன். எதைக் காட்ட வேண்டுமோ அதோடு போகிறேன்.

ஏப்ரல் 6, வியாழன்

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த நான் அசையவில்லை. பல்லடத்தில் பத்து நிமிஷம் நின்றபோது, "எறங்கிக் கொஞ்சம் நடங்க, கால் மரத்துப் போகும்" என்றாள் துளசிமணி.

"மரக்கட்டும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அப்படியே. கூப்பிட்டபோது மணி பதினொன்று. எழ முடியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து கதவில் சாய்ந்துகொண்டு நான் எழுவதையும், முதல் எட்டு வைப்பதையும், சுவரைப் பிடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். உதவ வந்த நர்ஸைக் கையால் நிறுத்தினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மாடு பார்க்கத் தெரிந்தவர்.

உள்ளே போனதும் தலைப்பாகையைக் கழற்றினேன். சட்டையைக் கழற்ற விரல் வரவில்லை, துளசிமணி ஹூக்குகளை எடுத்தாள். அந்த மேஜை விளக்கு வெளிச்சத்தில் என் உடம்பை நானே முதல் தடவை முழுசாகப் பார்த்தேன்.

"இது எத்தனை வருஷமா?"

"ஏழுங்க. எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க."

"போன தடவை கேட்டேனே?"

"போன தடவை விக்க வந்திருந்தேனுங்க. இந்தத் தடவை வாங்கிக்க வந்திருக்கேன்."

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையாட்டினார். என் நகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஊசியால் குத்தின மாதிரிக் குழி குழியாக இருக்கும். கயிறு பிடித்து வந்தது என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். அதுவும் இதுதானாம்.

கையை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். தோல்ல இருக்கறதும், விரல்ல, குதிங்கால்ல, முதுகுல இருக்கறதும் தனித்தனி இல்லை. எல்லாம் ஒரே நோய். தோல் ஒரு டாக்டர்கிட்ட, கால் ஒரு டாக்டர்கிட்ட, கை ஒரு டாக்டர்கிட்டன்னு போனா யாருக்கும் முழுசாத் தெரியாது. நீங்க தோலை யாருக்குமே காட்டலை."

"மனசுல இல்லைங்களே?"

"உடம்புல இருக்கு. எக்ஸ்ரேலயே இருக்கு."

துளசிமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அழவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று துளசிமணி சொல்கிறாள்.

"ஒட்டுமுங்களா டாக்டரம்மா?"

அவர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "ஒட்டாது" என்றார்.

பிறகு கெட்டதைச் சொன்னார். நடுவிரல் நுனி மூட்டில் எலும்பு அரித்திருக்கிறது. அது திரும்பாது. மற்றதைக் காப்பாற்றலாம். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். தோதுப்படாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. மருந்துக்கடை ஊசிக்காக நன்றாகத் திட்டினார். அந்த மாதிரி ஊசி வலியை மூடி வைக்குமாம், நிறுத்தினதும் தோல் இன்னும் மோசமாகுமாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். திட்டுக்கு நான் தகுதியான ஆள்.

முன்னே போன ஐந்து பேரும் முட்டாள்கள் என்று இன்று காலைவரை எழுத இருந்தேன். பாதியை நான் ஒளித்து வைத்திருந்தேன். ஆனாலும் அவர்களில் ஒருத்தர்கூடச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல் மனசு என்று சொன்னவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

கல்லீரல் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சரி. இன்று முதல் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள்தான், தினம் போட்டால் ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா நாலு தடவை சொன்னார். துளசிமணி சமையல்கட்டுக் காலண்டரில் எல்லாத் திங்கட்கிழமையையும் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள். வயிற்றைப் புரட்டியது. புரட்டட்டும்.

ஞாயிறு சந்தைக்குப் போகிறேன் என்றேன். எந்தச் சட்டை என்றாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

அரைக்கைச் சட்டை. தலைப்பாகை இல்லை.

சந்தைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். நேராக நடுவில் போய் நின்றேன். குதிங்கால் எரிந்தது.

"பாருங்கப்பா, நல்லாப் பாத்துக்குங்க. இது குஷ்டமில்லை, சொறியில்லை. சோரியாசிஸ்னு பேரு. வெரலு வீங்கறதும் அதே நோய்தான். ஒட்டாது. கோயமுத்தூர் டாக்டரம்மா வெறுங்கைல புடிச்சுப் பாத்தாங்க. இன்னிக்கு நான் மாடு வாங்க வந்திருக்கேன்."

அந்தத் தாராபுரத்துக்காரர் ஒரு மயிலைச் சோடியோடு நின்றிருந்தார். நல்ல சோடி. அவர் முன்னால் போய் வலது கையை நீட்டினேன். அவர் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

"சங்கடமா இருக்குதுங்களா?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ..."

"எடுத்துக்கலைங்க. கையே வேண்டாமுங்க. நான் வாயால சொல்றேன், நீங்க வாயால சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்." திரும்பி, சந்தை முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினேன். "இந்த மயிலைச் சோடிக்கு அவிநாசியப்பன் குடுக்கறது..."

"டேய் டேய் டேய்!" ராக்கியண்ணன் நாலு மாட்டைத் தாண்டி ஓடிவந்தான். "என்ற பொழப்பைக் கெடுக்காதடா! சுத்தி நிக்கற விவசாயிகளுக்கெல்லாம் விலை தெரிஞ்சிரும்!"

"நிக்கட்டும் மச்சான். அந்தச் செவலைச் சோடியை நீ எனக்கு எத்தனை விரலுக்கு முடிச்சேன்னும் சேத்துச் சொல்றேன். மேடையேறித்தான் ஏவாரம் பண்ணோணும்னா இன்னிக்கே பண்ணிரலாம்."

இரண்டு விவசாயிகள் நிஜமாகவே காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். வியாபாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. ராக்கியண்ணன் தன் தோளில் இருந்த துண்டை உருவி என் கைமேல் வீசினான்.

"இந்தச் சோடிக்கு நான் தரகு. மொதல்ல கையக் குடு. வாயை மூடு."

துண்டுக்குள் அவன் கை வந்தது. விரல் நுனியால் பட்டும் படாமலும் தடவினான்.

"சாமி சிலையா தொட்டுக் கும்புடறதுக்கு? அமுத்திப் புடி. எத்தனை விரல்னு எனக்குத் தெரியோணுமில்ல?" என்றேன்.

ராக்கியண்ணன் என்னைப் பார்த்தான். மூச்சை இழுத்துக்கொண்டு அழுத்திப் பிடித்தான். நடுவிரலில் கிளம்பினது தோள்பட்டைவரை போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாராபுரத்துக்காரர் ஓரடி முன்னால் வந்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா மாப்ள?" ராக்கியண்ணன் தணிந்த குரலில் கேட்டான்.

"வலிக்குது. நீ விலையைச் சொல்லு."